பழைய பேப்பரும் ஊர்க் கிணறும்

எங்கள் தெருவில் காலை நடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது செய்தித்தாள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், "ஒரு பேப்பருக்காக எத்தனை மரத்தை வெட்டறாங்க சார், போன்லயே படிச்சுக்கலாம்" என்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் காகிதத்தின் கணக்கு மரத்தோடு முடிவதில்லை. நான் 1979இல் வேலைக்குச் சேர்ந்து 2012இல் ஓய்வு பெறும் வரை 33 வருஷம் ஒரு காகித ஆலையில் இருந்தவன். அதனால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நடக்க முடிவதில்லை. நடக்கும்போது சொன்னால் பாதிதான் காதில் விழுகிறது. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆலையின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. கொங்குப் பக்கம் அதுபோலப் பல சின்ன ஆலைகள் உண்டு. பழைய பேப்பரையும் பழைய அட்டைப் பெட்டியையும் ஊறவைத்துக் கூழாக்கி, மறுபடி பழுப்புக் காகிதமாக ஆக்குவதுதான் வேலை. பனியன் கம்பெனிக்கும் சோப்புக் கம்பெனிக்கும் போகிற அட்டைப் பெட்டிகள் அந்தக் காகிதத்தில்தான் செய்யப்படுகின்றன. நான் இருந்த 33 வருஷமும் எங்கள் கேட்டுக்குள் கூழுக்காக ஒரு மரத்துண்டு வந்ததில்லை. அப்படிப்பட்ட ஆலையால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

முதலில் மரத்தின் கதையை முடித்துவிடுகிறேன். ஒரு காலத்தில் காட்டு மூங்கிலையும் மரத்தையும் ஆலைகளுக்கு மிகக் குறைந்த விலைக்கு அரசே கொடுத்து வந்தது உண்மை. 1988ஆம் வருஷத்து தேசிய வனக் கொள்கை அந்தச் சலுகை கூடாது என்று சொன்னது. தேவைப்படும் மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து ஆலைகளே வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. இன்றைக்கு நம் பக்கம் லாரி லாரியாகப் போகிற சவுக்கும் தைல மரமும் பெரும்பாலும் பட்டா நிலத்தில் பயிர்போல வைத்து வெட்டியவை. தைல மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறதா இல்லையா என்பது தனி வழக்கு, அதை இன்னொரு நாள் பேசலாம். காட்டை வெட்டித்தான் நோட்டுப் புத்தகம் வருகிறது என்ற எண்ணம் மட்டும் பழைய கணக்கு.

மரத்தை அதிகம் நம்பாமல் வெள்ளைக் காகிதம் செய்ய முடியும் என்று நம் ஊரும் காட்டியது. 1979இல் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த டி.என்.பி.எல். நிறுவனம், கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்து ஆலை கட்டியது. செய்தித்தாள் காகிதமும் எழுதும் காகிதமும் சக்கையிலிருந்து வந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கேன்டீனில் இதுதான் பேச்சு. "சக்கையில பேப்பர் வருமா, வந்தா நிக்குமா" என்று பந்தயமே கட்டினார்கள்.

ஆனால் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சக்கை என்பது சும்மா கிடந்த குப்பை அல்ல. சர்க்கரை ஆலைக்கு அதுதான் எரிபொருள். அதை எரித்துத்தான் பாய்லரில் நீராவி எடுத்தார்கள். சக்கையைக் காகித ஆலை வாங்கிக்கொண்டால், அதற்கு ஈடாக நீராவியோ நிலக்கரியோ சர்க்கரை ஆலைக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பண்டமாற்றில்தான் இந்தத் தொழிலே ஓடியது. மரம் மிச்சமானது, கரி செலவானது. சக்கையின் உள்ளே பஞ்சுபோல இருக்கும் சோற்றுப் பகுதி காகிதத்துக்கு உதவாது. அதைப் பிரித்து எடுத்துப் பாய்லரில் போட்டு எரிப்பார்கள். அந்த அளவுக்குக் கரி மிச்சம். இப்படி ஒரு பக்கம் கூட்டி ஒரு பக்கம் கழித்துப் பார்த்தால்தான் காகிதத்தின் உண்மையான விலை தெரியும். சும்மா வருவது எதுவும் இல்லை.

அடுத்தது தண்ணீர். மரத்தைக் காரச் சத்துள்ள மருந்தில் வேகவைத்தால், ஏறக்குறைய பாதிதான் நாராக மிஞ்சும். மீதிப் பாதி கரைந்து கறுப்புத் தண்ணீராக வரும். கெட்டியான காப்பி டிகாஷன் மாதிரி இருக்கும். பெரிய ஆலைகள் இந்தத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, அதற்கென்று உள்ள பாய்லரில் எரித்து, நீராவியும் எடுத்துக்கொள்ளும், போட்ட மருந்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். வைக்கோலை வேகவைத்த சின்ன ஆலைகளால் இது முடியவில்லை. வைக்கோலில் உள்ள மணல் சத்து குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். அதுபோக, அந்த பாய்லரின் விலையும் சின்ன முதலாளிக்குத் தாங்காது. அதனால் கறுப்புத் தண்ணீர் ஓடைக்குப் போனது. நாடு முழுக்க இப்படித்தான் பல ஓடைகள் கெட்டன.

2003இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 தொழில்களுக்கு ஒரு உறுதிமொழிப் பட்டியல் கொண்டுவந்தது. அதில் காகிதமும் ஒன்று. 1992க்கு முன்பு நிறுவிய பெரிய ஆலைகள், ஒரு டன் காகிதத்துக்கு வெளியே விடும் கழிவுநீரைப் படிப்படியாகக் குறைத்து 120 கன மீட்டருக்குள் கொண்டுவர வேண்டும் என்றது. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், ஒரு கிலோ காகிதத்துக்கு 120 லிட்டர், அதாவது எட்டுக் குடம். குறைத்த பிறகே எட்டுக் குடம் என்றால், அதற்கு முன்னால் எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆலையில் மரமும் வேகவில்லை, வைக்கோலும் வேகவில்லை. கறுப்புத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் பழுப்புத் தண்ணீர் உண்டு.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். யார்டில் பேல் பேலாகப் பழைய பேப்பர் அடுக்கியிருக்கும். அதை 'பல்ப்பர்' என்கிற பெரிய தொட்டியில் தண்ணீரோடு போட்டு அடிப்போம். வீட்டு மிக்ஸியைப் பத்தாளுயரத்துக்கு நினைத்துக்கொள்ளுங்கள். கூழிலிருந்து பின், கல், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் சல்லடை போட்டு எடுத்துவிட்டு, மறுபடி தண்ணீர் சேர்த்து மெஷினுக்கு விடுவோம். மெஷினுக்குள் போகும்போது அதில் நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். பார்த்தால் நீர்மோர் மாதிரி இருக்கும். அந்தத் தண்ணீர் கம்பி வலையில் வடிந்து, உருளைகளுக்கு நடுவே பிழிந்து, கடைசியில் சூடான சிலிண்டர்களில் காய்ந்துதான் காகிதமாகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆவியாகப் போகிற தண்ணீர் ஒரு கிலோ காகிதத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான். வடிந்ததும் பிழிந்ததும் எல்லாம் கீழே தொட்டியில்தான் இருக்கிறது. அதைத் திரும்ப எடுத்து அடுத்த பேலை ஊறவைக்கலாம். படிக்காதவனுக்கும் புரிகிற விஷயம் இது. ஆனாலும் நான் சேர்ந்தபோது எங்கள் ஆலையில் போர்வெல் மூன்று ராத்திரி பகலாக ஓடும். பழுப்புத் தண்ணீர் பின்பக்கச் சுவர் வழியாக ஒரு பள்ளத்துக்குப் போகும்.

அந்தப் பள்ளத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். ஐம்பது அறுபது வீடு, ஒரு பொதுக் கிணறு, கொஞ்சம் தென்னந்தோப்பு. 1994 கோடையில் அந்த ஊர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ஆளுக்கொரு குடத்தோடு கேட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் காலை ஷிஃப்ட். ஆபீஸிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. ஒரு வயசான அம்மா என்னைக் கூப்பிட்டு, குடத்திலிருந்து ஒரு சொம்பு மோந்து நீட்டினார்.

"ஏஞ்சாமி, இதை உங்க வூட்ல குடிப்பீங்களா?"

கோபமே இல்லாத குரல். தண்ணீர் வெளிறிய டீ நிறத்தில் இருந்தது. எங்கள் தொட்டியில் தினம் பார்க்கிற நிறம் எனக்குத் தெரியாதா? "குடிக்க மாட்டோமுங்க அம்மா" என்றேன். "அதுதான் கேக்கோணும்னு வந்தோம்" என்று சொல்லிச் சொம்பைக் கவிழ்த்தார்.

நிர்வாகம் முதலில் செய்தது டேங்கர் லாரியில் தண்ணீர் அனுப்பியதுதான். அது எத்தனை நாளைக்கு? வாரியத்திலிருந்து நோட்டீஸும் வந்தது. அடுத்த நாலைந்து வருஷத்தில் வடிகட்டும் தொட்டிகளும், தண்ணீரில் மிதக்கிற நாரைப் பிடிக்கிற சேவ்-ஆல் என்கிற சாதனமும் வந்தன. மெஷினிலிருந்து வடியும் தண்ணீர் முழுக்கப் பல்ப்பருக்கே திரும்பியது. மூன்று போர்வெல் ஓடிய இடத்தில் ஒன்று போதுமென்று ஆனது. முன்பு ஓடையில் போய்க்கொண்டிருந்த நாரும் காகிதமாக மாறியதால் முதலாளிக்கும் லாபம். எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் மூன்று மாதம்தான் நீடித்தது.

ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் அதில் அழுக்கு சேர்ந்துகொண்டே போகும். பெட்டி ஒட்டின ஸ்டார்ச் பசை, சோற்றுப் பருக்கை, எண்ணெய், மண், உப்பு எல்லாம் அதிலேயே தங்கும். தண்ணீரும் சூடாக இருக்கும். கிருமிக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. தொட்டிச் சுவரில் வழவழவென்று கஞ்சி மாதிரி படர்ந்தது. அது பிய்ந்து மெஷினுக்குள் போனால் காகிதம் அறுந்துவிடும். ஒரு ஷிஃப்டில் பத்துத் தடவைகூட அறுந்திருக்கிறது. குழாய்களில் சுண்ணாம்பு படிந்தது. எல்லாவற்றையும்விட மோசம், நாற்றம். காகிதத்திலேயே புளித்த வாடை ஏறிவிட்டது. பிஸ்கெட்டுக்குப் பெட்டி செய்கிறவர்கள் ரோல் ரோலாகத் திருப்பி அனுப்பினார்கள்.

அப்போது ஆலைக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. ராத்திரி ஷிஃப்டில் மட்டும் பின்பக்க வால்வைக் கொஞ்சம் திறந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று. ஆலையை மூடினால் முந்நூறு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். வால்வைத் திறந்தால் ஐம்பது வீட்டுக் கிணறு மறுபடி கெடும். அந்த முந்நூறில் என் குடும்பமும் ஒன்று. பெரியவளுக்கு அப்போது கல்லூரிப் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஆகவே அந்தப் பேச்சைக் கேட்டு நான் தர்மம் பேசினேன் என்று சொன்னால் அது பொய். எல்லோரையும் போல எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

வழி கண்டுபிடித்தவர் எங்கள் ஃபோர்மேன். எட்டாவது வரைக்கும் படித்தவர். அவரை 'மேஸ்திரி அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் முதலாளி யார்டுக்கு வந்தபோது, புதிதாக இறங்கிய பேல் ஒன்றின் கம்பியை வெட்டித் தரையில் பரப்பிக் காட்டினார். சாம்பார் ஊறிய பார்சல் காகிதம், டீக் கப், பாலிதீன், கோழிக்கடைக் காகிதம், ஈரமான குப்பை. நல்ல பேப்பர் பாதிதான் இருந்தது.

"அழுக்கு தண்ணியில இல்லீங்க. லோடுலயே வருதுங்க. நாமதான் காசு குடுத்து வாங்கிட்டு இருக்கறமுங்க" என்றார்.

அதன்பிறகு யார்டில் ஒரு கூரை போட்டார்கள். அந்தக் கிழக்கு ஊரிலிருந்தே இருபது பெண்கள் பேப்பர் பிரிக்கிற வேலைக்கு வந்தார்கள். காய்ந்த, சுத்தமான பேப்பர் கொண்டுவரும் வியாபாரிக்குக் கூடுதல் விலை, ஈர லோடுக்கு எடைக் கழிவு என்று ஆனது. ஆறு மாதத்தில் வழவழப்பு குறைந்தது, நாற்றம் பெரும்பாலும் போயிற்று. மெஷின் நின்று ஓடியது. வால்வைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்கிற பெரிய இயந்திரங்களைவிட, பின்பக்கம் உட்கார்ந்து குப்பையைப் பொறுக்கிய அந்த இருபது பேர்தான் எங்கள் ஆலையின் சுத்திகரிப்பு நிலையம் என்று நான் சொல்லுவேன்.

எங்களுடையது ஒன்றும் உலக அதிசயம் அல்ல. ஜெர்மனியில் ட்சூல்பிக் என்ற ஊரில், பழைய பேப்பரிலிருந்து பழுப்புக் காகிதம் செய்கிற ஓர் ஆலை கழிவுநீரே வெளியே விடாமல் ஓடுகிறது. சுற்றுகிற தண்ணீரை நடுவில் கிருமிகளைக் கொண்டே சுத்தம் செய்து திரும்ப விடுகிறார்கள். உடம்புக்குள் சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்வதுபோல என்று அந்தத் தொழிலில் உள்ளவர்கள் அதைச் சொல்வார்கள். தண்ணீரை முழுக்க மிச்சம் பிடிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் எந்தச் சிறுநீரகமும், வாய் வழியாகக் கண்டதையும் தின்றால் எத்தனை நாள் தாங்கும்?

இங்கேதான் நம் வீட்டுக்கு வருகிறது கதை.

நம் காலத்தில் பழைய பேப்பர் என்றால் ஒரு மரியாதை இருந்தது. செய்தித்தாளை மடிப்புக் கலையாமல் பரணில் அடுக்கி, மாதக் கடைசியில் எடைக்குப் போடுவோம். தராசைத் தட்டி ஏமாற்றுகிறானா என்று பாட்டி கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார். பரீட்சை முடிந்ததும் நோட்டில் எழுதாத பக்கங்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து ரஃப் நோட்டு ஆக்குவோம். அதை யாரும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று சொல்லவில்லை. காசு இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பழக்கத்தால் ஆலைக்குப் போன பேப்பர் காய்ந்ததாக, சுத்தமாக இருந்தது.

இன்றைக்கு எங்கள் அடுக்குமாடியில் பார்க்கிறேன். ஆன்லைனில் வந்த அட்டைப் பெட்டியும் நேற்றைய குழம்பும் ஒரே பையில் போகின்றன. அந்த அட்டை அப்புறம் காகிதம் ஆவது சந்தேகம். ஆனாலும் அதன் அழுக்கில் பாதி எப்படியாவது ஏதோ ஓர் ஆலையின் தொட்டிக்குப் போய்ச் சேரும். இன்னொரு பக்கம், நம் நாட்டு ஆலைகள் வெளிநாட்டிலிருந்து கப்பல் கப்பலாகப் பழைய பேப்பர் இறக்குமதி செய்கின்றன. நம் பேப்பர் குப்பைமேட்டில் மட்க, அடுத்தவன் பேப்பரைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பழைய பேப்பரை முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவை கூழாகும்போதும் நார் கொஞ்சம் குட்டையாகும். ஐந்தாறு தடவைக்குமேல் அது காகிதமாகப் பிடிக்காது, தண்ணீரோடு போய்விடும். புது நார் கொஞ்சம் வந்துகொண்டேதான் இருக்க வேண்டும். அதனால் சவுக்கும் சக்கையும் தேவைதான். ஒரு நாரை ஒரே தடவையில் குப்பைக்கு அனுப்பினால், அதற்குப் பதிலாகப் புதிது வெட்ட வேண்டும். ஆறு தடவை உபயோகித்தால், அந்த அளவுக்கு வெட்டுவது குறையும். காகிதம் வாங்காமல் இருப்பதைவிட, வாங்கிய காகிதத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்பதுதான் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. சமையலறையிலிருந்து தள்ளி ஒரு சாக்கு. அதில் செய்தித்தாள், நோட்டு, கடிதம், அட்டைப் பெட்டி. பெட்டியிலிருக்கும் டேப்பை உரித்துவிட்டால் உத்தமம். ஸ்பைரல் நோட்டின் கம்பியை உருவிவிடுங்கள். மழைக்காலத்தில் பால்கனியில் வைக்காதீர்கள், நனைந்த பேப்பருக்கு வியாபாரி எடையைக் கழிப்பான், நாரும் கெடும்.

அதில் போடக்கூடாதவையும் உண்டு. கடைகளில் கொடுக்கிற வழவழப்பான பில், மருந்து பூசிய காகிதம், அது வேண்டாம். எண்ணெய் ஊறிய ஸ்வீட் பெட்டி வேண்டாம். டீக் கப் காகிதம் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரியில் நம் அரசு தடை செய்த பொருட்களில் அதுவும் ஒன்று, ஆனாலும் கண்ணில் படாத நாளில்லை. லேமினேஷன் போட்ட கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். பேரன் பேத்திக்குப் பத்திரிகை அடிக்கும்போது பளபளப்பு வேண்டாம் என்று நாம் ஒரு வார்த்தை சொல்லலாம். இந்த வயசில் நம் பேச்சு எடுபடுகிற இடம் அது ஒன்றுதான்.

போன வருஷம் அந்தப் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போனபோது, கிழக்கு ஊர்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் இப்போது நிறம் இல்லை. வாயில் வைத்தால் உப்பு மட்டும் தெரிகிறது. தென்னைக்குப் பாய்ச்சுகிறார்கள், குடிப்பதில்லை. குடிக்கக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. கெடுக்கச் சில வருஷம் போதும், சரியாகப் பல வருஷம் ஆகும். சில கிணறுகள் முழுக்கச் சரியாவதே இல்லை. சொம்பை நீட்டிய அம்மா இப்போது இல்லை. அவருடைய மருமகள்தான் எங்கள் யார்டில் பேப்பர் பிரிக்க வந்த முதல் ஆள்களில் ஒருவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நாளைக்குப் பழைய பேப்பர்காரர் தெருவில் குரல் கொடுத்தால், கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் குறைய என்று பார்க்காமல் கொடுத்துவிடுங்கள். எதை எடுப்பார், எதை எடுக்க மாட்டார் என்று அவரிடமே கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பேரப்பிள்ளையையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வையுங்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதைவிட அவர் நன்றாகச் சொல்லுவார்.